தூக்குத் தண்டனைக் கைதிகளைப் பார்க்கப் போற குழுவில சேரச் சொல்றாங்க, அங்க போய் என்ன கதைக்கிறது?

கொட்டாஞ்சேனை_பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். இத எங்க கேக்கிறது என்டு தெரியாமத்தான் இங்க போடுறேன், நீண்டு போனா மன்னிச்சிருங்க.

போன ஞாயிறு பூசை முடிஞ்சு வெளிய வரக்குள்ள எங்கட பங்கு சிஸ்டர் கூப்பிட்டு, வெலிக்கடை சிறைக்கு மாசத்துக்கு ஒருக்கா போற குழுவில தமிழ் கதைக்கிற ஆள் குறைவா இருக்கு, நீங்க வாறீங்களா மகள் என்டு கேட்டாங்க. நான் சும்மா சிறைச்சாலை என்டு நினைச்சு சரி சிஸ்டர் என்டுட்டேன். பிறகுதான் சொன்னாங்க, அதில பாதிப் பேர் மரண தண்டனை விதிக்கப்பட்டவங்களாம். வீட்ட வந்து அம்மாட்ட சொன்னா அம்மா ரெண்டு நாள் என்னோட ஒழுங்கா கதைக்கவே இல்ல. "கொலகாரனுக்கு செபமாலை சொல்லிக் குடுக்கவா உன்ன படிக்க வச்சேன்" என்டு ஒரே பேச்சு.

எனக்கு 26 வயசு, புறக்கோட்டையில ஒரு கணக்கு ஒஃபிஸ்ல வேல. சிறைச்சாலை வாசலக் கூட 176 பஸ்ஸில போகக்குள்ள யன்னலால பார்த்ததோட சரி. அங்க போய் என்ன கதைக்கிறது? எப்பிடி இருக்கீங்க என்டு கேக்கிறதா, சாகச் சொல்லி தீர்ப்பு வந்த மனுசன்ட்ட? என்ன செஞ்சீங்க என்டு கேக்கலாமா, கேக்காம இருந்தா பொய்யா நடிக்கிற மாதிரி இருக்காதா?

இன்னொன்டும் இருக்கு. என்னோட படிச்ச ஒரு பிள்ள மரண தண்டனை வேணாம் என்டு பேஸ்புக்ல எழுதுவா. அவக்கு வாற மெசேஜ் வாசிச்சா சோறு இறங்காது. இப்ப கோயிலுக்கும் வாறதில்ல, செபிக்கவே ஏலாம இருக்கு என்டுறா. அவக்கு நான் என்ன சொல்றது என்டும் தெரியல. இப்பிடியான ஆக்களுக்கு திருச்சபை ஏதாச்சும் செய்யுதா, இல்ல அவங்கவங்க பாட்டுக்கு விட்டுறதா?

மருதானை_ரீட்டா:

மகள், நான் ரிட்டயர் ஆன டீச்சர். பதினொரு வருசமா போறன், அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

முதல் நாள் நான் பைபிள்ல எட்டு இடத்தில பேப்பர் வச்சு அடையாளம் பண்ணிக் கொண்டு போனனான், வகுப்பெடுக்கப் போற மாதிரி. ஒண்டையும் திறக்கேல்ல. எனக்கு முன்னால இருந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், வெளிய மழையா?" மழை சத்தம் கேக்குது, ஆனா எந்த அளவு மழை எண்டு உள்ள இருந்து தெரியாதாம். பேஸ்லைன் ரோட்டில ஹோர்ன் அடிக்கிறது எல்லாம் கேக்கும், எந்த பஸ் எண்டு அவை பந்தயம் கட்டுவினமாம். ஒரு மணித்தியாலம் நாங்கள் பஸ் நம்பர் கதைச்சம். போகேக்க அவர் தானாக் கையக் கூப்பி, ஒரு பரலோக மந்திரம் சொல்லுவமா மிஸ் எண்டார். அவ்வளவுதான் அண்டைக்கு நடந்த ஆன்மீகம்.

என்ன செய்தீங்கள் எண்டு கேக்காதைங்கோ. அவைக்குச் சொல்ல வேணும் எண்டு வந்தால் சொல்லுவினம், சிலருக்கு அதுக்கே ரெண்டு மூண்டு வருசம் எடுக்கும். சிலர் நான் செய்யேல்ல எண்டுவினம், அதுக்கும் தலையாட்டாதைங்கோ, மறுக்கவும் வேண்டாம். நீங்கள் நீதவானும் இல்ல அப்புக்காத்தும் இல்ல. பாவசங்கீர்த்தனம், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறது, எண்டால் அது சுவாமியோட, உங்கட காது அதுக்கில்ல. உங்களை யாரும் கேஸ் பற்றிக் கடிதம் கொண்டு போகச் சொன்னால் கண்டிப்பா முடியாது எண்டு சொல்லுங்கோ, ஒரு தாள் கொண்டு போனாலும் முழுக் குழுவுக்கும் கதவு பூட்டினதுதான்.

நான் நூலில முடிச்சுப் போட்ட செபமாலைதான் கொண்டு போறனான், சங்கிலி வச்சது வாசலிலயே நிண்டுடும். ஒருத்தர் அந்த நூலைக் கழட்டித் தன்ர சேட்டுக்குப் பொத்தான் தைச்சுப் போட்டு, அடுத்த மாசம் மன்னிப்புக் கேட்டார். நான் இன்னொண்டு முடிஞ்சு குடுத்தன்.

மற்றது ஒண்டு. போறதெண்டால் போய்க்கொண்டே இருக்க வேணும். ஒரு மாசம் போய்ட்டு மற்ற மாசம் விடுறதெண்டால் போகாமலே இருங்கோ. அங்க இருக்கிற ஆக்களுக்கு நாள் எண்டு ஒண்டு இல்ல மகள். மற்றக் கைதிக்கு விடுதலை நாள் இருக்கு, இவைக்கு அதுவும் இல்ல, தூக்கும் இல்ல. நீங்கள் வாற சனிக்கிழமைதான் அவைக்குக் கலண்டர்.

பேர்_வேணாம்:

ரீட்டா அக்கா எழுதினத வாசிச்சு கண் கலங்குறவங்க கொஞ்சம் இதையும் வாசிங்க.

என்ட அக்காட மாப்பிள்ளய வீட்டுக்குள்ள வந்து வெட்டினாங்க. நகைக்கு. அக்காக்கு அப்ப வயித்தில நாலு மாசம். கேஸ் ஒம்பது வருசம் இழுத்துச்சு. தீர்ப்பு சொன்ன அன்டைக்கு கோர்ட்ல எல்லாரயும் எழும்பச் சொல்லி, லைட்ட, ஃபேன எல்லாம் நிப்பாட்டினாங்க. அந்த ஃபேன் சுத்தி சுத்தி மெதுவா நிக்கிற சத்தம் இப்பவும் எனக்கு ராத்திரியில கேக்கும். தூக்கு என்டு வாசிச்சாங்க. நாங்க அழவும் இல்ல சிரிக்கவும் இல்ல, வெளிய வந்து பிளேன்டீ குடிச்சிட்டு பஸ் ஏறி வந்தோம்.

இந்த ஒம்பது வருசத்தில எங்கட வீட்டுக்கு எத்தன சிஸ்டர் வந்தாங்க தெரியுமா? செத்த வீட்டுக்கு வந்தாங்க, முப்பத்தோராம் நாளுக்கு வந்தாங்க, முடிஞ்சு. அவன பார்க்க மாசா மாசம் ஆள் போகுது, சவர்க்காரம் போகுது, கிறிஸ்மஸ்க்கு கேக் போகுது. என்ட மருமகன் அப்பாட மூஞ்ச போட்டோல மட்டும் பார்த்து வளர்ந்தான். தூக்குல போடு என்டு நான் சொல்ல வரல, போட்டாலும் மச்சான் வரப்போறதில்ல. ஆனா பாசம் எல்லாம் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் ஓடுது?

வத்தளை_மறையாசிரியர்:

மேல எழுதின சகோதரருக்கு என்னட்ட பதில் இல்ல, உண்மையாவே இல்ல. கேள்வி கேட்ட தங்கச்சிக்கு திருச்சபை என்ன சொல்லுது என்டது மட்டும் சொல்றேன், ஏனென்டா நம்ம ஆக்களுக்கே இது சரியா தெரியாது.

முந்தி மறைக்கல்வி நூல்ல, வேற வழியே இல்லாத அபூர்வமான நேரத்தில அரசாங்கம் மரண தண்டனை குடுக்கலாம் என்ட மாதிரி ஒரு இடைவெளி இருந்துச்சு. ரெண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995ல அந்த மாதிரி நேரம் இப்ப கிட்டத்தட்ட இல்ல என்டு எழுதினார். 2018 ஆகஸ்ட் 2ம் திகதி அப்ப இருந்த பாப்பரசர் பிரான்சிஸ் அந்த 2267ம் இலக்கத்தையே மாத்திட்டார். மனுசன்ட மாண்புக்கு எதிரானது, ஏத்துக்கொள்ள ஏலாது, உலகம் முழுக்க அத இல்லாமலாக்க திருச்சபை பாடுபடும், இதுதான் இப்ப இருக்கிற போதனை. இதில வேடிக்கை என்னன்டா அதுக்கு முந்தின மாசம்தான், ஜூலையில, சிறைக்குள்ள இருந்துகொண்டே போதைப்பொருள் கடத்துறவங்களுக்கு தூக்கு குடுக்கிறதுக்கு நம்மட கர்தினால் ஆதரவா கதைச்சதா இங்க பத்திரிகையெல்லாம் போட்டுச்சு, பிறகு அவர் விளக்கம் குடுக்க வேண்டி வந்துச்சு. அந்த நேரம் என்ட மறைக்கல்வி வகுப்பில பத்தாம் ஆண்டு பொடியன் ஒருத்தன் எழும்பி, சேர் ரெண்டுல எது சரி என்டு கேட்டான். வேர்த்துப் போச்சு.

உங்கட பயம் எழுத்திலயே தெரியுது. புனித ஜோசப் கஃபாசோ என்டு ஒரு குருவானவர், இத்தாலியில தூரின் நகரம், கூன் விழுந்த கட்டையான மனுசன். அம்பதுக்கும் மேற்பட்ட ஆக்களோட தூக்குமேடை வரைக்கும் வண்டியில கூடவே இருந்து போனவர், அவங்கள "தூக்கில தொங்கின புனிதர்கள்" என்டே சொல்லுவார். ஒருக்கா தன்னோட தொன் போஸ்கோவ, சலேசியன் சபைய தொடங்கின புனிதர, கூட்டிக்கொண்டு போனார். தொன் போஸ்கோ தூக்குமரத்தக் கண்டதும் மயங்கிட்டாராம். தொன் போஸ்கோவே மயங்கினா நீங்களும் நானும் பயப்படுறதில என்ன இருக்கு. கஃபாசோ செத்தது 1860 ஜூன் 23. இலங்கையில கடைசியா ஒராள தூக்கில போட்டது 1976 ஜூன் 23. தற்செயல்தான், ஆனா ஒவ்வொரு வருசமும் அந்த நாள்ல நான் ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன்.

இன்னொரு விசயம், எல்லாரும் பிழையா விளங்கிக்கொள்றது. தூக்குக்குப் போறவருக்கு அவஸ்தைபூசுதல், அதாவது எண்ணெய் பூசுற சடங்கு, குடுக்கிறதில்ல. அது நோயாளிக்கு. சுகதேகியா நிக்கிற மனுசனுக்கு பாவசங்கீர்த்தனமும் கடைசி நன்மையும்தான் (நன்மை என்டா பூசையில குடுக்கிற அப்பம்), சாகப்போறவருக்குக் குடுக்கிற வழியுணவு என்டு சொல்லுவோமே, அது. நோயே இல்லாத ஒருத்தருக்கு வழியுணவு குடுக்கிறது எப்பிடி இருக்கும் என்டு யோசிச்சுப் பாருங்க.

ஹட்டன்காரன்_இப்ப_வெள்ளவத்த:

நான் கிறிஸ்தவன் இல்ல, கோயிலுக்குப் போற ஆளும் இல்ல. ஒரு லோயர்கிட்ட கிளார்க்கா இருக்கேன், அதனால சட்டப் பக்கம் மட்டும் சொல்றேன்.

நம்ம நாட்டுல கொலைக்கு தூக்கு, ரெண்டு கிராமுக்கு மேல ஹெரோயினுக்கும் தூக்கு வரைக்கும் போகலாம்னு சட்டம் இருக்கு. தீர்ப்பு வருது, ஆனா ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாத்தான் தூக்கு. 76க்குப் பிறகு யாரையும் தூக்குல போடல. அதனால ஆயிரத்துக்கு மேல ஆளுங்க அப்படியே அந்தரத்துல நிக்கிறாங்க. ஐநாவுல மரண தண்டனைய நிறுத்தி வைக்கணும்னு தீர்மானம் வந்தா 2016ல இருந்து இலங்கை ஆமான்னு கை தூக்குது, இங்க கோர்ட்ல தீர்ப்பு வந்துகிட்டே இருக்கு.

2019 ஞாபகம் இருக்கா? பெப்ரவரியில அலுகோசு, அதான் தூக்குப் போடுறவர், வேலைக்கு பேப்பர்ல விளம்பரம், சம்பளம் 36,310 ரூபா, நல்லொழுக்கம் உள்ளவரா, மனோபலம் உள்ளவரா இருக்கணுமாம். நூறு பேருக்கு மேல விண்ணப்பம் போட்டாங்க! அதுக்கு முன்ன 2014ல வேலைக்கு எடுத்த ஒருத்தர் தூக்குமேடைய ஒரே ஒரு தடவ பார்த்துட்டு வேலைய விட்டுட்டு போயிட்டார், நல்லொழுக்கம்னா அவருக்குத்தான் இருந்திச்சுன்னு நாங்க ஒஃபிஸ்ல பேசிக்குவோம். ஈஸ்டர் குண்டு வெடிச்சு ரெண்டு மாசத்துல, ஜூன் 26ம் தேதி, அப்ப இருந்த ஜனாதிபதி நாலு பேருக்கு கையெழுத்தே போட்டுட்டேன்னு அறிவிச்சார். ஜூலையில உயர் நீதிமன்றம் தடை போட்டிச்சு, இல்லன்னா நடந்திருக்கும். அந்த நேரம் தூக்குல போடுன்னு கத்தினவங்கள்ல நிறைய பேர் குண்டு வெடிச்ச கொச்சிக்கடை கோயில்ல அழுதுட்டு வந்தவங்கதான், அவங்கள குத்தம் சொல்லவும் எனக்கு வாய் வரல.

தமிழனா யோசிச்சா இது இன்னும் சிக்கல். வெலிக்கடையில 83 ஜூலையில 53 தமிழ்க் கைதிகள அடிச்சே கொன்னாங்க, அதுல இயக்கக்காரங்களான குட்டிமணிக்கும் ஜெகனுக்கும் ஏற்கனவே தூக்குத் தீர்ப்பு வந்திருந்திச்சு. அந்த நேரம் அதே ஜெயிலுக்குள்ள கத்தோலிக்க பாதர்மாரும் கைதியா இருந்தாங்க, பார்க்கப் போனவங்களா இல்ல. இன்னொரு பக்கம் யாழ்ப்பாணத்து மிருசுவில், ராணுவம் கொன்ன தமிழ்ச் சனம் எட்டுப் பேர், அதுல சின்னப் புள்ளைங்களும். 2015ல ஒரு ராணுவக்காரருக்கு தூக்குன்னு தீர்ப்பு, 2019ல உயர் நீதிமன்றமும் அதே சரின்னிச்சு, 2020 மார்ச்சுல மன்னிப்பு குடுத்து வெளிய விட்டாங்க. அப்ப எனக்கே தூக்குல போட்டிருக்கணும்னுதான் வாயில வந்திச்சு, மரண தண்டனை வேணாம்னு சொல்ற ஆளு நான்! கொஞ்ச நாள் கழிச்சுத்தான் யோசிச்சேன், எனக்கு கோபம் அவன் உயிரோட இருக்கிறதுக்கு இல்ல, அந்த குடும்பத்துகிட்ட ஒரு வார்த்த கேக்காம வெளிய விட்டதுக்குன்னு. ரெண்டும் வேற வேற.

தீர்ப்பு பிழைச்சா என்னாகும்னு நம்ம ஆளுங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். ஒரு சிலம்புக்காக விசாரிக்காம கோவலன வெட்டின கத கேட்டு வளர்ந்தவங்க நாம.

இரவல்_குடை:

தங்கச்சி, உங்கட கூட்டாளி மாதிரி நானும் ஒருத்தி. 2018, 19ல போர்ட் பிடிச்சு நின்டிருக்கேன், கடிதம் எழுதியிருக்கேன், டிவியில ரெண்டு நிமிசம் கதைச்சும் இருக்கேன். அதுக்குப் பிறகு வந்த மெசேஜ்ல ஒன்டு, உன்ட பிள்ளய வெட்டினாத்தான் உனக்கு விளங்கும் என்டு. அனுப்பினவர்ட ப்ரொபைல் படத்தில மாதா. அந்த மாதா படம்தான் என்ன உடைச்சது, திட்டு இல்ல. எட்டு மாசம் நான் நன்மை எடுக்கல. செபமாலை கையில எடுத்தா அந்த மெசேஜ்தான் ஞாபகம் வரும்.

அவக்கு புத்திமதி சொல்லாதீங்க. எனக்கு எல்லாரும் சொன்னாங்க, இயேசுவயும் இப்பிடித்தானே ஏசினாங்க என்டு. சரிதான், ஆனா அத கேக்கக்குள்ள இன்னும் தனிச்சுப் போன மாதிரி இருந்துச்சு. ஒரு வயசான சிஸ்டர் மட்டும் ஒன்டும் சொல்லாம ஒரு துண்டுப் பேப்பர்ல ஒரு பேர் எழுதித் தந்தாங்க, ஒரு கைதிட முதல் பேர் மட்டும். "நீங்க பெரிய செபம் ஒன்டும் சொல்ல வேணாம், ராத்திரிக்கு இந்தப் பேர ஒருக்கா சொல்லிட்டுப் படுங்க. உங்கட பேர அவர்ட்ட குடுத்திருக்கேன், அவரும் சொல்லுவார்." எனக்காக ஒரு தூக்குக் கைதி செபிக்கிறார் என்டு நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கும். குழந்தை இயேசுவின் திரேசம்மாளும் இப்பிடித்தானே. பதினாலு வயசில, 1887ல, மூனு பேர கொன்ட பிரான்சினி என்டவனுக்காக செபிச்சா, அவன் கழுத்த குடுக்கிறதுக்கு முன்ன பாடுபட்ட சுரூபத்த மூனு தரம் முத்தமிட்டான் என்டு அப்பாட பேப்பர களவா பார்த்து தெரிஞ்சுகொண்டா. அவ அவன ஒருக்காலும் கண்டதில்ல.

அமைப்பு என்டு கேட்டீங்கன்னா வெளிநாட்டில இருக்கு. ரோம்ல இருக்கிற சாந்த் எஜிதியோ குழு பல வருசமா தூக்குக் கைதிகளோட கடிதம் எழுதிக்கொள்ற வேலய செய்யுது. நவம்பர் 30ம் திகதி உலகம் முழுக்க நகரங்கள்ல லைட் போட்டு ஒரு நாள் வைக்கிறாங்க, 1786ல அன்டைக்குத்தான் தொஸ்கானா நாடு மரண தண்டனைய எடுத்து விட்டுச்சாம். ஒக்டோபர் 10 மரண தண்டனைக்கு எதிரான உலக நாள். இங்க நாங்க அஞ்சாறு பேர் ஒரு வீட்டில கூடி திருப்பாடல் 130 வாசிச்சிட்டு பிளேன்டீ குடிச்சிட்டு கலையுறது, பெரிசா ஒன்டும் இல்ல. கூட்டாளியக் கூட்டிக்கொண்டு வாங்க, செபிக்க ஏலாட்டி சும்மா இருக்கட்டும், தேத்தண்ணி ஊத்த ஆள் வேணும்.

மருதானை_ரீட்டா:

பேர் வேணாம் எண்டு எழுதின தம்பிக்கு. ரெண்டு நாளா யோசிச்சுப் போட்டுத்தான் எழுதுறன்.

அமெரிக்காவில லூசியானாவில சிஸ்டர் ஹெலன் பிரெஜீன் எண்டு இருக்கிறா, 1982ல ஒரு மரண தண்டனைக் கைதிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினவ, 84ல அவரை மின்சாரக் கதிரையில இருத்தேக்க கூட நிண்டவ. கொல்லப்பட்ட பொடியன்ர தகப்பன் அவவைக் கண்டு கேட்டாராம், எங்களை ஏன் நீங்கள் வந்து பாக்கேல்ல எண்டு. நீங்கள் கேட்ட அதே கேள்வி. அது தான் செய்த பெரிய பிழை எண்டு அவ எத்தினையோ இடத்தில சொல்லியிருக்கிறா. பிறகு அந்தத் தகப்பனோடயே சேர்ந்து செபிச்சவ, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கெண்டு நியூ ஓர்லியன்ஸில ஒரு குழுவும் தொடங்கினவ.

நான் பதினொரு வருசத்தில ஒரு குடும்பத்தையும் போய்ப் பாக்கேல்ல தம்பி. ஒண்டைக் கூட. பயம். கைதி என்னைத் திட்ட மாட்டான், நீங்கள் திட்டுவீங்கள் எண்டு பயம். சவர்க்காரம் குடுக்கிறது லேசு.

உங்கட அக்காவுக்கு விருப்பம் எண்டால் நான் வாறன். செபம் ஒண்டும் கொண்டு வர மாட்டன். விருப்பம் இல்லையெண்டால் அதுவும் சரி, இதுக்குப் பதில் எழுத வேண்டாம்.

பேர்_வேணாம்:

அக்காட்ட கேட்டேன். இப்ப வேணாமாம். மருமகன் ஓ/எல் எழுதுறான், சோதினை முடியட்டும் என்டா. வேணாம் என்டு சொல்லல.

கொட்டாஞ்சேனை_பிள்ளை:

எல்லாருக்கும் பெரிய நன்றி. போயிட்டு வந்தேன், நேத்து. பொரளையில இறங்கி நடக்கக்குள்ள கால் நடுங்கிச்சு. ஃபோன், பேக் எல்லாம் குடுத்துட்டு ஐடி கார்ட் காட்டி வரிசையில நின்டு உள்ள போகவே வேர்த்து நனைஞ்சிட்டேன்.

எனக்கு முன்னால இருந்தவருக்கு எங்கட அப்பாட வயசு இருக்கும். ரீட்டா அன்டி சொன்ன மாதிரி நான் ஒன்டும் கேக்கல. அவர் என்ட ஊர் கேட்டார், கொட்டாஞ்சேனை என்டேன், உடனே லூசியா கோயில் திருவிழாவுக்கு இப்பவும் கச்சான் கடை போடுறாங்களா என்டார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். சும்மா இருக்கிறது இவ்வளவு கஷ்டம் என்டு எனக்கு தெரியாது. கடைசியா சிஸ்டர் நல்ல கள்ளன்ட பகுதிய வாசிச்சாங்க, லூக்காஸ் 23, பக்கத்து சிலுவையில தொங்கின கள்ளனுக்கு இயேசு இன்று நீ என்னோட பரலோகத்தில இருப்பாய் என்டு சொல்றது. அவர் அத மனப்பாடமா கூடவே சொன்னார், ஆனா "இன்று" என்ட சொல்லுல நிப்பாட்டிட்டார், அதுக்குப் பிறகு வாய் அசையல.

இரவல் குடை அக்கா, கூட்டாளிட்ட சொன்னேன். தேத்தண்ணி ஊத்த வாறேன் என்டா, சிரிச்சா, கனகாலத்துக்குப் பிறகு. அம்மா இன்னும் கோபம்தான், ஆனா வரக்குள்ள சாப்பாடு மூடி வச்சிருந்தாங்க, எப்பிடி இருந்தான் என்டு மட்டும் கேட்டாங்க.

இப்ப ஒரு உதவி. அவர்ட மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது இல்ல, நூல் கட்டி வச்சிருக்கார். புதுசு ஒன்டு வாங்கிக் குடுக்கலாமா? யார்ட்ட கேக்கிறது?

மருதானை_ரீட்டா:

நீங்களா வாங்கிக் கொண்டு போகாதைங்கோ, வாசலில நிண்டுடும். முதல்ல உள்ள நலன்புரி அதிகாரியிட்ட சிஸ்டரைக் கொண்டு கேக்க வையுங்கோ. கண் டொக்டர்ர துண்டு இருக்குதோ எண்டும் பாருங்கோ, இல்லாட்டில் பழைய கண்ணாடியின்ர நம்பரை வச்சுச் செய்யலாம். ஃபிரேம் பிளாஸ்டிக்ல எடுங்கோ மகள், கம்பி வேண்டாம். வாற மாசம் நானும் அண்டைக்குத்தான், பொரளைச் சந்தியில எட்டரைக்கு நிக்கிறன்.